நாலாவது பேர்

அந்தமான் சௌல்தாரியில் சாயங்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. மெயின்லேண்டில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் இன்னும் வெயிலில் ஓடி விளையாடுகிற நேரத்துக்கு, இங்கே பாக்குத் தோப்புக்குள் இருட்டு வந்து உட்கார்ந்துவிடும். கடிகாரம் ஒன்றுதான்; சூரியன்தான் வேறு. விடிவதும் அப்படித்தான், ஆள் புரண்டு படுப்பதற்குள் விடிந்துவிடும். அதனால் தோப்பில் கூலிக்கு நிற்பவர்கள் யாரும் இருட்டைக் குறை சொல்வதில்லை. காய்ந்த பாக்கைக் கூடையில் அள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள்.

ஒச்சம்மா அள்ளிக்கொண்டிருந்தாள். தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு, தோப்புக்கார மலையாளி குடியிருக்கக் கொடுத்தது. முன்னறையில் பாதிக்கு மேல் பாக்குச் சாக்குகள். சாக்குகளுக்கு நடுவே ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு பழைய கம்ப்யூட்டரை ஏற்றி வைத்து, எதிரே பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள் மகள் தமிழரசி.

"அம்மா, பாக்குத் தூசு இதுக்கு ஆவாதுன்னு ஷீலா சொல்றா."

"நாங்களுந்தான் தெனம் முழுங்குறோம். நாங்க என்னா, நின்னா போயிட்டோம்?"

"மெசினும்மா இது."

"அச்சா, அப்ப நாங்க மெசினவிட மட்டம்."

தமிழரசிக்குச் சிரிப்பு வந்தது. சாக்கை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

அந்தப் பெட்டி வந்த விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். தமிழரசியும் ஷீலாவும் போர்ட் பிளேரில் பாலிடெக்னிக் கடைசி வருஷம். ஷீலாவின் அப்பா காண்டிராக்ட் எடுத்துச் செய்பவர். ஏதோ ஒரு ஆபீஸில் கழித்துப் போட்ட தட்டுமுட்டுச் சாமான்களோடு இந்தக் கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு வந்தார். விமான நிலையத்துப் பக்கம் பத்துபஸ்தியில் அவர்கள் வீட்டில் ஏற்கெனவே விமானச் சத்தம், அதோடு இந்த இரைச்சலும் வேண்டாம் என்று ஷீலாவின் அம்மா சொல்லிவிட்டதால், ஜீப்பில் ஏறி சௌல்தாரிக்கு வந்து சேர்ந்தது.

புராஜெக்ட்டுக்கு எல்லாரும் நூலகத்துக்குப் புத்தகக் கணக்குப் புரோகிராம் எழுதினார்கள். இவர்கள் இரண்டு பேரும் கர்னல் எழுதுகிறோம் என்றார்கள். விண்டோஸ் மாதிரி எதுவும் இல்லாமல், வெறும் பெட்டியை முதன்முதலில் எழுப்பி, உள்ளே இருக்கும் வேலைகளுக்கு 'இப்போது நீ, அடுத்து நீ' என்று முறை வைக்கிற அடிப்படைப் புரோகிராம். வழிகாட்டியான பாலசுப்பிரமணியம் சார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, நெட்டுல ஒரு பக்கம் திறக்கறதுக்குள்ள இங்க ஒரு கப்பலே வந்து போயிடுது. இதுல உங்களுக்குக் கர்னல் கேக்குதா?"

"புத்தகம் இருக்கு சார்."

"சரி. ஆனா ஒண்ணு, எமுலேட்டர்ல, அந்தப் பொய் மெஷின்ல, ஓட்டிக் காட்டினா மார்க் கிடையாது. நெஜ மெஷின்ல ஓடணும். ஒரு வேலை பதில் சொல்லாமத் தொங்கிட்டா உங்க கர்னல் அதைக் கண்டுபிடிச்சுத் தூக்கிட்டு அடுத்ததுக்குப் போகணும். மெட்ராஸ்லேருந்து பரீட்சை எடுக்க வர்றவர் அதைத்தான் கேப்பார். அது நடக்கலைன்னா ரெண்டு பேரும் இன்னொரு வருஷம் இங்கதான்."

தூக்கிவிட்டு அடுத்ததுக்குப் போவது என்று அவர் சொன்னதுமே தமிழரசிக்குப் பெரட்டு ஞாபகம் வந்துவிட்டது.

அவள் அப்பா தம்பையாவும் ஒச்சம்மாவும் இலங்கையில் மலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். சிறு வயசில் இந்தியாவுக்கு என்று கப்பலேற்றி, கடைசியில் நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில், ரப்பர் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டார்கள். தேயிலை போய் ரப்பர் வந்தது. பெரட்டு மட்டும் கூடவே வந்தது. விடியுமுன் களத்தில் ஆள் திரண்டு நிற்கும். பக்தவத்சலம் மேஸ்திரி பேர் பேராகக் கூப்பிடுவார். 'வந்தாச்சு' என்று பதில் சொன்னவனுக்கு அன்றைக்கு வேலை. மூன்று தரம் கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் பேரை வெட்டிவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுவார். கோபமும் கிடையாது, வருத்தமும் கிடையாது.

தமிழரசி கர்னலை அப்படியே எழுதினாள். நாலு வேலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர். முறை வரும்போது திரையில் பேர் வரும், பெட்டிக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். மூன்று தரம் கூப்பிடுகிற நேரம் காத்திருக்கும். அதற்குள் யாராவது ஸ்பேஸ் பட்டனைத் தட்டினால் பதில் வந்ததாக எடுத்துக்கொண்டு அடுத்த பேர். தட்டாவிட்டால் அந்த வரி அழிந்துவிடும், அதற்கப்புறம் அந்தப் பேரைக் கூப்பிடாது. கடைசிப் பேர் முடிந்ததும் மறுபடி முதல் பேரிலிருந்து.

பேர்களுக்கு அவள் ரொம்பவும் யோசிக்கவில்லை. கை தானாக அடித்தது. APPA. AMMA. TAMIL. RAVI.

தம்பையாவுக்கு இங்கிலீஷ் எழுத்து கொஞ்சம் தெரியும், ரப்பர்ப் பால் பீப்பாய்களில் எழுதியிருந்ததைப் பார்த்துப் பழகியது. ஒருநாள் தோப்பிலிருந்து வந்தவர் மகள் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். தோளிலிருந்து மண்வெட்டியை இறக்கவேயில்லை.

"அந்த நாலாவத எடுத்துரு புள்ள."

"சும்மா டெஸ்டுக்குத்தாம்பா."

"டெஸ்டோ மண்ணோ. ஒங்கம்மா காதுல அது விழப்படாது. சோட் தோ, விட்டுரு. வேற பேரு வச்சுக்க."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று தமிழரசிக்குத் தெரியும். கச்சாலில் இருந்து பிழைத்து வந்த எல்லாருக்குமே தெரியும்.

தண்ணி வந்தது ஞாயிற்றுக்கிழமை, பெரட்டு இல்லாத நாள். அண்ணன் ரவிக்குமார், பத்தொன்பது வயசு, வலை இழுப்பதைப் பார்க்கிறேன் என்று சேக்காளிகளோடு கடலோரம் போயிருந்தான். நிலம் ஆடியது. அப்புறம் கடல் எழும்பி வந்தது. மேட்டு ரப்பருக்கு ஓடி ஏறியவர்கள் பிழைத்தார்கள். இருட்டும் நேரத்தில், நனைந்த சட்டையோடு மேஸ்திரி ஒரு பாறைமேல் ஏறி நின்று, மனப்பாடமாகப் பேர் கூப்பிட்டார். பதில் வராத பேர்களை எண்ணி, விடிந்ததும் இளந்தாரிகள் இறங்கித் தேடுவது என்று பேச்சு.

'ரவிக்குமார்!' என்று அவர் கூப்பிட்டபோது ஒச்சம்மா, "வாரான்!" என்றாள்.

வேண்டுமென்று சொல்லவில்லை. ரவி ஒருநாளும் நேரத்துக்கு எழுந்தவனில்லை. பால் வெட்டப் போகத் தொடங்கிய நாளிலிருந்து தினமும் பெரட்டில் அவன் பேருக்கு அவள்தான் 'வாரான்' என்பாள். மேஸ்திரி சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார். அன்றைக்கும் வாய் அதையே சொன்னது. அவரும் அதையே கேட்டு அடுத்த பேருக்குப் போய்விட்டார். விடிந்ததும் தேடிப் போனவர்கள் இரண்டு பேரை மரக்கிளையிலிருந்து உயிரோடு இறக்கிக்கொண்டு வந்தார்கள். ரவியை யாரும் தேடவில்லை. தான் சொன்னது இன்னதென்று ஒச்சம்மாவுக்கு உறைத்தபோது பொழுது உச்சிக்கு வந்திருந்தது.

நிவாரண முகாமில் சில பெண்கள் அதை அவள் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். தம்பையா மட்டும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை. வீட்டில் அந்தப் பேர் எழுந்ததே இல்லை, கருமாதியும் செய்யவில்லை. யார் கேட்டாலும் ஒச்சம்மா, "வாரான்னு சொன்னவ நான். நானே எப்பிடி இல்லங்கறது?" என்று எழுந்து போய்விடுவாள்.

தமிழரசி அப்பா சொன்னபடி செய்தாள். மறுநாள் கல்லூரி லேபில் புரோகிராமில் அந்தப் பேரை அடியோடு எடுத்தாள், எமுலேட்டரில் ஓட்டினாள். மூன்று பேர்தான் வந்தன. ஃப்ளாப்பியில் ஏற்றிக்கொண்டு பஸ் பிடித்து வந்தாள். வீட்டுப் பெட்டி, காலையில் ஓட்டி எஸ்கேப்பில் நிறுத்தியது, அணைக்காமல் அப்படியே இருந்தது. ஃப்ளாப்பியை மாற்றி ரீசெட் பட்டனை அழுத்தினாள்.

சோதிக்கும்போது பேர்களைச் சத்தமாக வாசிப்பது அவள் பழக்கம்.

"அப்பா." ஸ்பேஸ். "அம்மா." ஸ்பேஸ். "தமிழ்." ஸ்பேஸ்.

டிக்.

"ரவி..."

வாய் வாசித்த பிறகுதான் கண் கண்டது. RAVI. அந்தப் பேர் இந்த ஃப்ளாப்பியில் இல்லை. எந்த மூலையிலும் இல்லை.

முற்றத்தில் பாக்கு உரித்துக்கொண்டிருந்த ஒச்சம்மா, கையை நிறுத்தாமல், தலையைத் தூக்காமல், பழைய பெரட்டுக் குரலில் சொன்னாள்.

"வாரான்!"

தமிழரசியின் கட்டைவிரல் ஸ்பேஸைத் தட்டியது. அவள் தட்டவில்லை, விரல் தட்டியது. பதில் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு கர்னல் மறுபடி முதல் பேருக்குப் போனது. பின்னங்கழுத்தில் யாரோ ஈரக் கையை வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. எஸ்கேப்பை அழுத்தி நிறுத்தினாள்.

வெளியே பாக்கு உரிக்கும் சத்தமும் நின்றிருந்தது.

ஒச்சம்மா வாசலில் நின்றாள். கையில் பாதி உரித்த பாக்கு.

"யாரு கூப்பிட்டா?"

"நாந்தாம்மா. வாசிச்சேன்."

"நீ எழுதுனியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லம்மா. நான் எடுத்துட்டேன். அது... தானா வருது" என்றாள்.

ஒச்சம்மா திரையின் பக்கம் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. நாலாவது வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் பாக்குச் சாயம் ஒட்டியது.

"அணைக்காத" என்றாள்.

மறுநாள் லேபில் ஷீலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அரே பாகல்! பூத், பேய் எல்லாம் இல்லடி. இங்க பாரு. நாலு நாற்காலி போட்டிருந்தோம், சரியா? புதுசா மூணு பேரைத்தான் உட்கார வெச்சோம். நாலாவது நாற்காலியை நாம தொடவே இல்ல. பழைய ஆளு அங்கேயே உக்காந்திருக்கான்."

"லேப்ல வரலையே?"

"எமுலேட்டர் ஒவ்வொரு வாட்டியும் மெமரியைக் கழுவித் தொடச்சுக் குடுக்குது. நெஜ மெஷின் யாருக்குடி கழுவும்? ரீசெட் பண்ணினா பழசு அப்படியேதான் கிடக்கும். கரண்ட்டைப் பிடுங்கினாத்தான் போகும்." அவள் பேசிக்கொண்டே நாலு வரி எழுதினாள். "இந்தா. ஆரம்பிக்கிறப்பவே முழுக்கப் பெருக்கிட்டு ஆரம்பிக்கும். இன்னைக்கே வீட்டுல ஓட்டிப் பாத்துடுடி. வியாழக்கிழமை அந்த ஆளு முன்னாடி ரவி வந்து நின்னான்னா நாம ரெண்டு பேரும் காலி."

சொன்ன பிறகுதான் அவளுக்கு அந்தப் பேர் யாருடையது என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். தமிழரசி ஃப்ளாப்பியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அது பையிலேயே கிடந்தது.

ஏனென்றால் அன்று அவள் வீட்டுக்கு வந்தபோது ஒச்சம்மா கை கால் கழுவி, இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு நின்றாள். படங்கு என்பது தோட்டத்தில் சேலைக்கு மேல் கட்டுகிற சாக்குத் துணி. கச்சாலை விட்டு வந்த பிறகு அவள் அதைக் கட்டி யாரும் பார்த்ததில்லை. பாக்குச் சாக்கு ஒன்றைப் பிரித்துத் தைத்திருந்தாள்.

"ஒரு தடவ கூப்பிடு புள்ள."

தமிழரசி மூன்று பேர் மட்டும் எழுதிய பழைய ஃப்ளாப்பியிலேயே ரீசெட் செய்தாள். அப்பா. அம்மா. தமிழ். ரவி.

ஒச்சம்மாவின் உதடு இறுகியது. அப்புறம், "வாரான்" என்றாள், மூச்சு விடுகிற மாதிரி. தமிழரசி ஸ்பேஸைத் தட்டினாள்.

அதிலிருந்து தினமும் வெளிச்சம் போகிற நேரத்துக்கு இதுதான். ரொட்டி சுடுகிற கல் அடுப்பில் காயும், அரைத்து வைத்த சம்பல் அம்மியிலேயே இருக்கும், ஒச்சம்மா படங்கைக் கட்டிக்கொண்டு சாக்குகளுக்கு நடுவே நிமிர்ந்து நிற்பாள். யாரும் இல்லாத களத்தில் ஆள் வரிசையில் நிற்கிற மாதிரி, வலது பக்கம் ஒரு ஆள் நிற்க இடம் விட்டு நிற்பாள். தமிழரசி அந்த இடத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகினாள். ஒருநாள் அவசரத்தில் அந்தப் பக்கமாக நடக்கப்போனவள், யாரையோ இடித்துவிடுவதுபோல் ஒதுங்கிப் போனாள்.

தம்பையா அந்த நேரத்தில் வீட்டுக்குள் வரமாட்டார். கிணற்றடியில் மண்வெட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருப்பார்.

"அந்தப் பொட்டிய அணைச்சுத் தொல புள்ள" என்றார் ஒருநாள், மகள் தண்ணீர் எடுக்கப் போனபோது. "அவளுக்குத்தான் கிறுக்குன்னா ஒனக்குமா?"

"அணைச்சா அம்மா என்னா பண்ணும்?"

"என்னா பண்ணும்... அழுவும். அழுதா அழுவட்டும். இத்தன வருசத்துல ஒரு நாளு அழுதாளா?" அவர் குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தார். "நான் சொன்னா கேப்பாளா? நாந்தான் அவகிட்ட ஒரு வார்த்தகூட..." என்று தொடங்கி, முடிக்காமல் மண்வெட்டியைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை மழை மூட்டம் போட்டது. சித்திரையில் வரக்கூடாத மழை. பாக்கு நனைந்தால் கறுத்துப் போகும் என்று தோப்பு முழுக்க ஆட்கள் ஓடி ஓடி அள்ளினார்கள். ஒச்சம்மா கூடையோடு உள்ளே நுழைந்தபோது இடி இடித்தது, மின்சாரம் போனது.

பெட்டியோடு வந்த யூ.பி.எஸ் கத்தத் தொடங்கியது. பழைய பேட்டரி; எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது.

"போயிருச்சா?" என்றாள் ஒச்சம்மா.

"இன்னும் இல்லம்மா."

கத்தல் வேகமானது. அப்புறம் ஒரே நீளச் சத்தம். அப்புறம் அதுவும் இல்லை. பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்த விசிறி மெல்ல மெல்ல நின்றது. திரை இருண்டது. கூரைமேல் முதல் துளிகள் விழுந்தன.

ஒச்சம்மா கூடையைக் கீழே போட்டாள். பாக்கு தரையெல்லாம் உருண்டது. "இப்பிடியில்ல" என்றாள். "இப்பிடிப் போவப்படாது. அய்யோ, இப்பிடியில்ல."

மின்சாரம் வந்தது. விளக்கு எரிந்தது, பெட்டி தானாக எழுந்தது. எவ்வளவு நேரம் இருட்டாக இருந்தது என்று தமிழரசியால் அப்புறம் சொல்ல முடியவில்லை. ஓரிரு நொடி என்றால் மெமரியில் பழசு தங்கியிருக்கலாம் என்று ஷீலா சொன்னாள். அதற்கு மேல் என்றால் வாய்ப்பே இல்லை என்றாள். ஆனால் விசிறி நின்றுபோனதைத் தமிழரசி கேட்டிருந்தாள். உருண்ட பாக்குகள் ஓய்ந்ததையும் கேட்டிருந்தாள்.

திரையில் பேர்கள் வரத் தொடங்கின. அவள் வாசிக்கவில்லை. தட்ட மட்டும் செய்தாள்.

APPA. AMMA. TAMIL.

டிக்.

RAVI.

"வாரான்!" என்று கத்தினாள் ஒச்சம்மா. இந்தத் தடவை ஸ்பேஸைத் தட்டியது அவள் விரல்.

தமிழரசி எஸ்கேப்பை அழுத்தி நிறுத்தினாள். அதன்பிறகு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பாக்குப் பொறுக்கினார்கள். மழை பெரிதாகப் பெய்யவில்லை, பயமுறுத்திவிட்டுக் கடல் பக்கம் போய்விட்டது.

"அம்மா, நாளைக்கு ஷீலா ஜீப்போட வருவா. பொட்டிய கழட்டித்தான் கொண்டு போவணும். கரண்ட்டு இல்லாம."

"தெரியும்."

"அழுவாத. திரும்பி வந்ததும் நான் அந்தப் பேர எழுதி வச்சிர்றேன். தெனமும் வரும்."

ஒச்சம்மா மகளைப் பார்த்தாள். "நீ எழுதுறது எனக்கு எதுக்கு?"

"நீதான தெனமும் கேக்கணுங்கற..."

"கேக்குறதுக்கா நிக்கிறேன்? அட கிறுக்குப் புள்ள." ஒரு பாக்கை எடுத்து முந்தானையில் துடைத்தாள். "வாய மூடுறதுக்கு நிக்கிறேன். தெனமும் இன்னைக்கு வாய மூடிக்கிருவோம், மேஸ்திரி மூணு தரம் கூப்பிட்டு வெட்டட்டும்னுதான் வந்து நிக்கிறேன். அன்னைக்கு நான் வாய மூடியிருந்தா தேடியிருப்பானுக. உசிரோடயோ இல்லையோ, எடுத்துக் கையில குடுத்திருப்பானுக. அந்தப் பேரு இன்னும் வெட்டுப்படாம நிக்குது புள்ள. எங்கயோ நனஞ்சுக்கிட்டே நிக்குது. அவன முறையா கூப்பிட்டு, பதில் இல்லாம, அனுப்பணும். கரண்ட்டு போயா எம்புள்ள போறது?"

தமிழரசி கையிலிருந்த பாக்கைக் கூடையில் போட்டாள்.

"ஆனா முடியல. நீ ரவின்னு சொல்றப்ப, ஒந்தங்கச்சி கூப்பிடுறா, எழுந்திருடான்னு அவன எழுப்புற மாதிரி இருக்கு. வாய் தொறந்துக்குது."

மறுநாள் மத்தியானம் ஷீலா வந்துவிட்டாள். ஜீப்பை ரோட்டில் நிறுத்திவிட்டு வாய்க்காலைத் தாண்டி உள்ளே வந்தவள், வாசலிலேயே நின்றாள்.

"புது ஃப்ளாப்பியை இன்னும் ஓட்டவே இல்லையா? நாளைக்கு எக்ஸாம்டி! க்யா கர் ரஹி ஹை, என்னடி பண்ணிட்டிருக்க? பெருக்குற வரியில ஒரு தப்பு இருந்தா அங்க போயி திருத்த முடியுமா?"

"ஓட்டுறேன். ஒரே ஒரு தடவ பழசு."

"தமிழ்..."

"கழட்ட முன்னாடி ஒரே தடவ."

ஒச்சம்மா படங்கு கட்டிக்கொண்டு உள்ளறையிலிருந்து வந்தாள். ஷீலாவைப் பார்த்து, "ஆவோ பேட்டி, வா புள்ள, உக்காரு. தேத்தண்ணி ஆறிப் போவும், குடி" என்றாள், ஒன்றுமே நடக்காத மாதிரி. அப்புறம் வாசலுக்குப் போய்க் கிணற்றடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "இந்தா, இங்க வாங்க. பெரட்டுக்கு நேரமாச்சு."

தம்பையா வந்தார். வரமாட்டார் என்று தமிழரசி நினைத்திருந்தாள். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, சாக்குகளின் ஓரமாக, ஒச்சம்மா தினமும் நிற்கிற இடத்தில் போய் நின்றார்.

ஒச்சம்மா அங்கே போகவில்லை. திரைக்குப் பக்கத்தில் வந்து, ஆட்களைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"நீ வாசிக்காத புள்ள. நான் கூப்பிடுறேன்."

தமிழரசிக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பெரட்டில் கூப்பிடுகிறவர் பதில் சொல்வதில்லை. அவர் காத்திருக்க மட்டும்தான் முடியும்.

ரீசெட். டிக். முதல் பேர்.

ஒச்சம்மா மூச்சை இழுத்தாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் புருஷன் பேரை வாயால் சொன்னவளில்லை. மேஸ்திரியின் குரலில், தகரக் கூரை அதிரச் சொன்னாள்.

"தம்பையா!"

தம்பையா திடுக்கிட்டு நிமிர்ந்தார். ஷீலாவின் கையில் டம்ளர் அப்படியே நின்றது.

"வந்தாச்சு" என்றார் அவர், சின்னப் பையன் மாதிரி. தமிழரசி தட்டினாள்.

"ஒச்சம்மா!" என்று தன் பேரைத் தானே கூப்பிட்டாள். அவள் பதில் சொல்லாமல் நிற்க, தம்பையாதான், "வந்தாச்சு, அங்கதான் நிக்கிறா" என்றார்.

"தமிழரசி!"

"வந்தாச்சு."

டிக்.

நாலாவது வரி.

"ரவிக்குமார்!"

தோப்பில் எங்கோ ஒரு மட்டை விழுந்தது. ஒச்சம்மாவின் பார்வை வரிசையில், தம்பையாவுக்கு வலது பக்கம் இருந்த வெற்று இடத்தில் நின்றது. நிஜமாகவே ஒரு ஆளைப் பார்க்கிற பார்வை. தம்பையா அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அந்தப் பக்கத்துத் தோளை மட்டும் கொஞ்சம் ஒடுக்கிக்கொண்டார், நெருக்கத்தில் நிற்பவனுக்கு இடம் விடுகிற மாதிரி.

"ரவிக்குமார்!"

தமிழரசி இரண்டு கையையும் பலகைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். விரல்களை அவளால் நம்ப முடியவில்லை. திரையில் அந்தப் பேர் துடித்துக்கொண்டிருந்தது. மூன்று கூப்பாட்டு நேரம்தான் அவள் எழுதியிருந்தது. அது இவ்வளவு நீளம் என்று இதுவரை அவளுக்குத் தெரியாது.

"ரவிக்குமார்..."

மூன்றாவது தரம் குரல் மேஸ்திரியுடையதாக இல்லை. ஒச்சம்மா வாயைத் திறந்தபடி நின்றாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வரி அழிந்தது.

அங்கே எழுத்து இருந்த தடமே இல்லை. வெறும் கறுப்பு. தம்பையா அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தாடை தொங்கியிருந்தது. கண்ணிலிருந்து வழிந்தது தாடி மயிரில் நின்றது.

டிக்.

கர்னல் மறுபடி முதல் பேரைக் கூப்பிட்டது. அது யாருக்காகவும் நிற்காது, அப்படித்தான் எழுதியிருந்தாள். தமிழரசி தட்டவில்லை, அப்பா சொன்ன பிறகு தட்டுவதுதான் முறை. அப்பா சொல்லவில்லை. அவர் அந்த அறையிலேயே இல்லாதவர் மாதிரி நின்றார். பேர் துடித்தது.

"தம்பையா!" என்றாள் ஒச்சம்மா.

பதில் இல்லை.

"தம்பையா!"

ஷீலா டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள்.

ஒச்சம்மா சாக்குகளைத் தாண்டிப் போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "யோவ் தம்பையா! மூணாந் தரம்யா. பேரு போயிரும்யா. சொல்லுய்யா!"

"இருக்கேன்" என்றார் அவர். அப்புறம் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்த்து, பயந்துபோன குரலில், உரக்கச் சொன்னார்.

"இருக்கேன், இருக்கேன்... இங்கதான் இருக்கேன்."